உதவி செய்யவும் படிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் டிகிரி முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேரப்போகிறேன் என்கிறாள். நாலு பேருக்கு உதவி செய்ய மனசு இருந்தால் போதாதா, அதற்கு எதற்கு இரண்டு வருஷப் படிப்பு?
- ஒரு வாசகி, மன்னார்குடி அருகே ஒரு கிராமம்

பதில்: மனசு கட்டாயம் வேண்டும் அம்மா, அது இல்லாவிட்டால் இந்த வேலையில் ஒரு மாதம்கூட தாக்குப்பிடிக்க முடியாது. மழை வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க அந்த மனசே போதும். ஆனால் வருஷா வருஷம் குறிப்பிட்ட ஒரு தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி அவர்களே மனு எழுதி, கிராம சபையில் அவர்களே எழுந்து கேட்கும்வரை கூட நிற்பது இருக்கிறதே, அதற்குப் பயிற்சி வேண்டும்.

நான் படித்தபோது வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஒரு ஊரில் நூலகம் தொடங்கலாம் என்று திட்டம் எழுதிக்கொண்டு போனோம். முதலில் ஊர்ப் படம் போடச் சொன்னோம், தரையில், கோலமாவால். ஆண்கள் போட்டதில் கோயில், டீக்கடை, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை எல்லாம் வந்தன. அப்புறம் பெண்களிடம் மாவைக் கொடுத்தோம். ஒரு அக்கா நேராகத் தெருக்கோடிக்குப் போய் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மூன்று புளியங்கொட்டை வைத்தார். குழாயாம். ராத்திரி மூன்று மணிக்குத்தான் தண்ணீர் வருமாம். நூலகத் திட்டத்தை அன்றைக்கே மடித்து வைத்துவிட்டோம்.

மக்கள் சொல்வதை இப்படிக் கேட்டு வாங்கத்தான் அம்மா படிப்பு. இந்தியாவில் இது ஒன்றும் புதிதில்லை. மும்பையில் இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனமாக இருப்பது 1936-ல் சமூகப்பணிக் கல்லூரியாகத்தான் தொடங்கியது. சென்னையில் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் அதேபோல ஒரு கல்லூரியைத் தொடங்கினார்.

வேலை? குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று கிடைக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பல இடங்களில் சம்பளம் குறைவுதான், அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சேருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இதில் எது அடுத்து வருகிறதோ அன்று உங்கள் ஊர் கிராம சபைக்கு மகளை அழைத்துப் போங்கள். யார் பேசுகிறார்கள், யார் கடைசிவரை வாயே திறக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்க்கட்டும். மறுநாள் அந்தப் பேசாதவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார அவளுக்குத் தோன்றினால், தயங்காமல் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.