வீட்டிலேயே ஆர்கேட் விளையாட்டு இயந்திரம் செய்ய விரும்பும் புதியவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேட்டிருப்பவர் தமக்கு மரவேலையும் மின்வேலையும் தெரியாது என்றும், விவரம் அறிந்தவர்களிடம் ஐயம் கேட்டால் ‘முதலில் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று விரட்டிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். முதல் செய்தியை மட்டும் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். இரண்டாவது என்னையும் சுட்டது என்பதால் எழுதுகிறேன். விடையைச் சுருக்கமாகக் கேட்டால், பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள், ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் இருக்கும், கை படும் பலகையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நான் பெட்டியிலிருந்து தொடங்கியவன்.

நான் பொறியாளன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். 2020 ஊரடங்கின்போது சென்னையிலிருந்து குடும்பத்தோடு கோட்டையூருக்கு வந்து, ஐயா காலத்துப் பங்கு வீட்டில் எங்கள் பங்குக்கு உரிய இரண்டு அறைகளில் தங்கியவன் திரும்பிப் போகவே இல்லை. என் வயதையொத்த காரைக்குடிக்காரர்களுக்கு, தொண்ணூறுகளில் ஒரு ரூபாய்க்கு ஒரு காயின் வாங்கி ஆடிய வீடியோ கேம் கடைகள் நினைவிருக்கும். கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்று காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விளையாட்டை அந்தப் பெயரால் அழைத்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதில் வரும் தொப்பிக்காரரின் பெயரையே விளையாட்டுக்கும் வைத்து ‘முஸ்தபா’ என்றுதான் சொல்வோம். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால், சிறியவனான என்னையும் மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு ஆசைப்பட்டதன் காரணம் இவ்வளவுதான். இதில் கலையோ தொழில்நுட்ப ஆர்வமோ இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2021இல் ஒரு அமெரிக்க வரைபடம் கிடைத்தது. ஆறடி உயரம், இருபத்தேழு அங்குல அகலம். பதினெட்டு எம்எம் பிளைவுட்டில் செய்யச் சொல்லியிருந்தது. செட்டிநாட்டில் பிறந்துவிட்டு பிளைவுட்டில் செய்வதா என்று எனக்குள் ஒரு வீறாப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் பர்மாத் தேக்குக் கதவுகள் நான்கு கிடந்தன. பேரம் பேசி வாங்கி வந்தேன். ‘பாரம்பரியப் பொருளை விளையாட்டுப் பெட்டியாக்கிய பாவி’ என்று எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: நான் எந்த வீட்டையும் பிரிக்கவில்லை. பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் யாரோ இடித்த வீட்டின் கதவுகள் அவை. நான் வாங்காவிட்டால் வெளியூர் விடுதி ஒன்றின் சுவரில் அழகுக்காக மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டுவதைப் பாதுகாப்பு என்றும், நான் செய்ததை அழிப்பு என்றும் சொல்வது எந்த நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும்.

எங்கள் ஊர் ஆசாரியார் எழுபதை நெருங்கியவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது அலமாரியுமில்லாம பெட்டகமுமில்லாம என்னமோ மாதிரி இருக்கே தம்பி” என்றாரே தவிர, வேலையில் ஒரு நூல் அளவும் பிசகவில்லை. பிசகியவை எல்லாம் நான் கொடுத்த அளவுகள்.

ஜாய்ஸ்டிக்கையும் பொத்தான்களையும் பொருத்தும் பலகையையும் அதே தேக்கில் செய்யச் சொன்னேன். இழைத்து முடித்த பிறகும் அது ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. ஜாய்ஸ்டிக்கை அடியில் வைத்து முடுக்கியபோது, தண்டு முழுவதும் மரத்துக்குள்ளேயே மறைந்துபோய், மேலே இருக்க வேண்டிய குமிழ் பலகைமேல் எலுமிச்சம்பழம் வைத்தாற்போல உட்கார்ந்துவிட்டது. பிடித்து அசைக்க வழியில்லை. பொத்தான்கள் அதைவிட மோசம். நான் வாங்கியிருந்தவை பக்கவாட்டில் சிறிய கொக்கிகள் கொண்ட, அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும் வகை. அவை மெல்லிய தகட்டுக்காக உருவானவை. தடித்த மரத்தின் துளைக்குள் அந்தக் கொக்கிகளுக்குப் பற்றிக்கொள்ள விளிம்பே கிடைக்காது என்பதால், நான்கு முறை அழுத்தினால் ஐந்தாம் முறை கையோடு வந்தன.

அப்போதுதான் வாட்ஸ்அப் குழு ஒன்றில், ‘நீளமான தண்டுள்ள ஜாய்ஸ்டிக் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டேன். சிரிக்கும் பொம்மைகள் பதினைந்து வந்தன. ‘அடிப்படை தெரியாமல் எதற்கு இறங்குகிறீர்கள்’ என்றார் ஒருவர். ‘தேடினால் கிடைக்கும்’ என்றார் இன்னொருவர். நான் தேடாமல் இல்லை. நீளமான தண்டைத்தான் இரண்டு இரவுகள் தேடினேன். குறை தண்டில் இல்லை, பலகையின் தடிப்பில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடியிருப்பேன். அது தெரியாததால்தானே கேட்டேன்? தேடு என்று சொல்பவர்கள் எந்தச் சொல்லால் தேடுவது என்று சொல்வதில்லை. அனுபவம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இருபது முப்பது சொற்கள்தான் என்பது என் கருத்து. முடிவில் ஒருவர் மட்டும் தனிச்செய்தியில் ஒரு வரி அனுப்பினார்: ‘தண்டு குட்டை இல்லை, பலகை தடிப்பு, ஜாய்ஸ்டிக் உட்காரும் இடத்தில் மட்டும் அடியில் குடையுங்கள்.’ ஆசாரியார் உளியை எடுத்து, மேலே ஆறு எம்எம் மரம் மட்டும் மிஞ்சும்படி அரை மணி நேரத்தில் குடைந்து கொடுத்துவிட்டார். பொத்தான்களுக்குப் பதிலாக, அடியிலிருந்து மரை போட்டு முடுக்கும் நீண்ட கழுத்து வகையை வாங்கினேன்.

குழுக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ‘எவ்வளவு செலவாகும்?’ என்று ஒற்றை வரியில் கேட்பவருக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. பலகையின் தடிப்பு, பொத்தான் துளையின் விட்டம், பொத்தான்களைக் கணினியோடு இணைக்கும் என்கோடர் என்ற சிறு மின்பலகையின் இருபுறத்துப் படம், நீங்கள் ஏற்கெனவே முயன்று பார்த்தது, இவற்றோடு கேட்டால் பாதிப் பேர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இனி வயரிங். பொத்தானின் அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச்சில் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும். அவற்றுள் பொதுமுனையும், அழுத்தும்போது இணையும் முனையும்தான் நமக்கு வேண்டியவை. மூன்றாவது, அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை. நான் அந்த மூன்றாவதில் மாட்டிவிட்டேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டில் என் வீரரான ரியூ, நான் பொத்தானை அழுத்தும்போது சும்மா நின்றுவிட்டு, விரலை எடுத்ததும் குத்தினார். கணினியில் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மூன்று முறை அழித்து நிறுவியபின், எட்டு வயது மகள்தான், “அப்பா, எல்லாமே திருப்பி நடக்குது, வயரைத் திருப்பி மாட்டுங்க” என்றாள்.

இவ்வளவும் சரியானபின் இயந்திரத்தை உள்ளே கொண்டுபோகும் நாள் வந்தது. செட்டிநாட்டு வீட்டைத் தெருவிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்குத் தலைவாசலின் உயரம்தான் நினைவில் இருக்கும். உள்வீட்டு நிலைகள் குனிந்து நுழைய வேண்டியவை. போதாததற்குக் கீழே படியும் உண்டு. நான்கு பேர் தூக்கி வந்த ஆறடித் தேக்குப் பெட்டி, நிமிர்த்தினாலும் நுழையவில்லை, சாய்த்தாலும் வளைவில் திரும்பவில்லை. “படத்துக்கு அளவு கொடுத்தீங்க தம்பி, நிலைக்கு அளவு எடுக்கலையே” என்றார் ஆசாரியார். பெட்டி முகப்பிலேயே நின்றது. மலேசியாவில் இருக்கும் பங்காளி அண்ணன் ஒருவர், பொதுவான முகப்பில் சூதாட்டப் பெட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் சத்தம் போட்டார். விசேஷத்துக்கு வந்திருந்த அண்ணமிண்டி (அண்ணன் மனைவி), வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிட்டுப் போனார். இந்தக் கூத்தில், பொத்தான் பலகை தரையிலிருந்து நாற்பத்தோரு அங்குல உயரத்தில் அமைந்து, யாருக்காகச் செய்தேனோ அந்த மகளின் கழுத்துக்கு நேராக வந்ததைப் பிறகுதான் கவனித்தேன். முக்காலி போட்டுத்தான் ஆடினாள். கடைசியில் ஆசாரியார் அதை இடுப்பில் அறுத்து, இரண்டு துண்டாக்கி, மரையாணியால் சேர்க்கும்படி செய்தார். அறுக்கும்போது நான் அங்கே நிற்கவில்லை.

எனவே, கேட்டவருக்கு என் யோசனை இது. முதலில் ஒரு பைசா செலவழிக்காமல், இருக்கிற கணினியில் விசைப்பலகையைக் கொண்டே, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) மென்பொருளை இயக்கிப் பாருங்கள். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய திட்டம் அது. பழைய இயந்திரங்களின் மின்சுற்றுப் பலகைகள் எப்படி இயங்கின என்பதைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். விளையாட்டுகள் அதனுள் இல்லை. அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ராபி ரோட்டோ போன்ற சில விளையாட்டுகளை, வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்த உரிமையாளர்களே இசைந்ததால், மேம் தளத்திலேயே தருகிறார்கள். பழகுவதற்கு அவை போதும். காப்காம் 2021இல் வெளியிட்ட ஆர்கேட் ஸ்டேடியம் போன்ற தொகுப்புகளை விலை கொடுத்து வாங்கலாம். நான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுவது அதில்தான். முஸ்தபா எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அடுத்து ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்கள், இவற்றைக் கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கும் என்கோடர் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. வந்த பார்சலின் அட்டைப்பெட்டியிலேயே துளையிட்டு அவற்றை மாட்டி, மடியில் வைத்து இரண்டு வாரம் ஆடுங்கள். அட்டை கிழியும், கிழியட்டும். உங்கள் மணிக்கட்டு எங்கே தங்குகிறது, விரல்கள் எந்தச் சாய்வில் விழுகின்றன, பொத்தான்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது, அந்த அட்டை சொல்லும். எந்த விளையாட்டில் உங்கள் மனம் நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். 1980இல் வந்த பாக்மேன்தான் உங்கள் விருப்பம் என்றால், நான்கு திசையில் மட்டும் அசையும் ஜாய்ஸ்டிக்கும் நெட்டாக நிறுத்திய திரையும் வேண்டும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுவீர்கள். சண்டை விளையாட்டுகளுக்கு எட்டுத் திசையும் கிடைமட்டத் திரையும் ஆறு பொத்தான்களும் தேவை. இதைத் தீர்மானிக்காமல் பெட்டி செய்வது, மாப்பிள்ளை பார்க்காமல் மண்டபம் பிடிப்பதற்கு ஒப்பானது.

திரைக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய பத்தொன்பது அங்குலச் சதுர மானிட்டர் போதும். அது அசல் இயந்திரங்களின் 4:3 அளவில் இல்லாமல் 5:4இல் இருக்கும். மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும், அவ்வளவுதான். இங்கே அசல்வாதிகள் வருவார்கள். படக்குழாய்த் திரையும், விளையாட்டுப் பலகையைப் பெட்டியோடு இணைக்க 1985இல் வந்த ஜம்மா முறையின் ஐம்பத்தாறு முனை இணைப்பும், அசல் மின்சுற்றுப் பலகையும் இல்லாதது ஆர்கேட் இயந்திரமே அன்று என்பார்கள். படக்குழாயில் அந்த விளையாட்டுகள் அழகாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் படக்குழாய் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். வேலை செய்யும்போது அதில் இருப்பது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். பழைய டிவி ஒன்றை நானே திறக்கப் போனபோது, எதிர் வீட்டு டிவி மெக்கானிக் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினார். புதியவர் ஒருவரை அதன் பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு ‘அடிப்படை தெரியவில்லை’ என்று சிரிப்பவர்களை நான் மதிப்பதில்லை.

பெட்டி கடைசி. முதல் பெட்டியை மேசைமேல் வைக்கும் அளவில், பன்னிரண்டு எம்எம் பிளைவுட்டில் செய்யுங்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் அடங்கிவிடும். கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு நிலைகளின் அகல உயரத்தையும், ஆடப்போகிறவர் நின்றால் அவருடைய முழங்கை வரும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் இரண்டாவது இயந்திரம் அப்படிச் செய்ததுதான். நான் ஒருவனாகவே தூக்கிவிடுகிறேன். தேக்குப் பெட்டி இன்னும் முகப்பில்தான் இருக்கிறது, சேலையோடு. போன கோடையில் மலேசியா அண்ணன் வந்திருந்தபோது சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, இழைப்பு வேலை யாருடையது என்று மட்டும் கேட்டார்.