ஆவலுக்கு என்ன கூலி?

கேள்வி: பசித்தால் உணவு தேடுகிறோம், அதன் காரணம் விளங்குகிறது. ஆனால், எந்தப் பயனும் தராத ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள மனம் ஏன் இப்படித் தவிக்கிறது? உளவியலாளர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பசியிலிருந்து நீங்கள் தொடங்கியது மிகவும் பொருத்தம், உளவியலும் அந்த இடத்தில்தான் தடுமாறியது. 1940களில் அமெரிக்காவில் ஓங்கியிருந்த கிளார்க் ஹல்லின் கோட்பாடு, பசி, தாகம், வலி போன்றவை உடலுக்குள் உண்டாக்கும் உந்துதலைத் தணிக்கவே உயிர்கள் செயல்படுகின்றன என்றும், அவ்வாறு தணிவதாலேயே அவை கற்கின்றன என்றும் கூறியது. அந்தக் கணக்கில் ஆவலுக்கு இடமே இல்லை.

அதை உலுக்கியவை குரங்குகள். 1950இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவும் உடன் ஆய்வாளர்களும், கொக்கியும் முளையும் தாழும் கொண்ட ஒரு பூட்டுப் புதிரை ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். உணவு ஏதும் கிடைக்காதபோதும் அவை நாள்தோறும் அதைக் கழற்றிக் கழற்றித் தேர்ச்சி பெற்றன. பின்னர் உணவைக் கூலியாக வைத்தபோதோ, அந்தத் தேர்ச்சி குலைந்தது. ராபர்ட் பட்லர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய பெட்டிக்குள் இருந்த குரங்குகள், சரியான நிறக் கதவைத் தள்ளினால் அரை நிமிடம் வெளியே எட்டிப் பார்க்கலாம் என்ற ஒன்றுக்காகவே நிறங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. ஆவலைப் பற்றிய இன்றைய சிந்தனைக்கு வழிவிட்டதில் அந்தச் சிறு கதவுக்குப் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மனிதரின் ஆவலுக்கென்று 1954இல் ஒரு கோட்பாட்டை வகுத்தவர் இங்கிலாந்தில் பிறந்த டேனியல் பெர்லைன். புதிய காட்சியையும் ஒலியையும் நாடும் புலன்வழி ஆவல் வேறு, அறிவை நாடும் ஆவல் வேறு என்று பிரித்த அவர், பின்னது மனத்துக்குள் எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் பிறக்கிறது என்றார். முதுகெலும்பற்ற உயிரினங்களைப் பற்றி முன்கூட்டியே கேள்வி கேட்கப்பட்டவர்கள், பிறகு படித்த விடைகளை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்ததை அவர் சோதனையில் கண்டார். அவர்களுக்கு ஓரளவு பழக்கமான உயிரினங்களைப் பற்றிய கேள்விகளே ஆவலை அதிகம் தூண்டின.

இதன் வித்து இன்னும் பழையது. இசையறிந்தவரின் செவி அபசுரத்துக்குத் துணுக்குறுவதுபோல, சிந்திக்கும் மூளை தன் அறிவிலுள்ள இடைவெளியைக் கண்டு துணுக்குறுகிறது என்று 1890இலேயே வில்லியம் ஜேம்ஸ் எழுதியிருந்தார். 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் அந்த இடைவெளியையே தன் கோட்பாட்டின் மையமாக்கினார். இடைவெளி கண்ணில் படவேண்டுமானால் இருபுறமும் கொஞ்சம் கரை தெரிய வேண்டும். ஆகவேதான், அறவே அறியாத ஒன்று நம்மைத் தொடுவதில்லை, பக்கத்து அறையிலிருந்து பாதி மட்டும் கேட்ட பேச்சு இரவெல்லாம் தொந்தரவு செய்கிறது.