வாசகர் கேள்வி: ஆகஸ்டில் அயர்லாந்து

கேள்வி: அயர்லாந்து என்றாலே மார்ச் 17 பேட்ரிக் தின ஊர்வலமும் பச்சைத் தொப்பியும்தான் கண்ணில் படுகின்றன. டப்ளினில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆகஸ்டில் போகிறோம். அப்போது அந்த மக்களின் சொந்த விழா ஏதாவது இருக்குமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியான மாதம் பார்த்துத்தான் போகிறீர்கள், அம்மா. 'ஃப்ளா' என்ற தேசிய இசை விழா ஆகஸ்டில்தான் நடக்கும். தொடங்கியது 1951-ல், முல்லிங்கர் என்ற ஊரில். கிராமத்து இசைக்கு மதிப்புக் குறைந்திருந்த காலம் அது. வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் பிழைப்புக்காகக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சிய கலைஞர்கள் கூடி ஆரம்பித்த கோல்டஸ் அமைப்புதான் இன்றைக்கும் நடத்துகிறது. ஸ்லைகோ, என்னிஸ், வெக்ஸ்ஃபோர்ட் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வருஷம் எங்கே என்று மகனைப் பார்க்கச் சொல்லி, அறையை இப்போதே பிடித்துவிடுங்கள்.

நான் 2023-ல் முல்லிங்கரில் பார்த்தேன். பெரிய மேடையைவிடத் தெருமுனைதான் என்னைக் கட்டிப்போட்டது. பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு பெண் 'இல்லன் பைப்' வாசித்துக்கொண்டிருந்தாள். வாயால் ஊதும் பைப் இல்லை. வலது முழங்கைக்கு அடியில் சின்னத் துருத்தி. அதை அமுக்க அமுக்க, இடது கைக்குக் கீழே உள்ள பையில் காற்று நிறைகிறது. இல்லன் என்றாலே முழங்கைதான். பக்கத்தில் ஒரு பெரியவர் ஃபிடிலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். மெட்டு தெரியாவிட்டால் வாசிக்காமல் கேட்பதுதான் அங்கே மரியாதை. யார் முன்னாலும் இசைக்குறிப்புப் புத்தகம் கிடையாது. மூன்றாவது சுற்றில் அவர் மெல்ல வில்லை எடுத்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள்.

பப்புக்குள்ளும் இப்படித்தான் கூடி வாசிப்பார்கள். தயங்காமல் போங்கள். பகலில் குழந்தை குட்டிகளோடு குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், டீயும் கிடைக்கும்.

அப்புறம், போட்டிகள். 12 வயதுக்கு உட்பட்டவர்களிலிருந்து பெரியவர்கள்வரை தனித்தனிப் பிரிவுகள். வட்டாரச் சுற்றுகளில் ஜெயித்தவர்கள்தான் இங்கே வரமுடியும். 'லில்ட்டிங்' போட்டியைத் தேடிப் பிடியுங்கள். வாத்தியம் இல்லாத வீடுகளில் ஆட்டத்துக்கு வாயாலேயே மெட்டுப் போடுவார்கள், அந்தக் கலை. பாட்டில் அர்த்தமுள்ள சொல் ஒன்றும் இருக்காது, வெறும் தாளச் சொற்கள்தான். முன்வரிசையில் உட்காருங்கள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்பது அங்கிருந்தால்தான் தெரியும்.