லித்தியம் சிவப்பில் வந்தால் பவளத் தொட்டிக்கு ஆபத்தா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பவளத் தொட்டி 300 லிட்டர் கொண்டது. கடை மூலமாக வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிய, நீரிலுள்ள தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி பரிசோதனையில் லித்தியம் லிட்டருக்கு 410 மைக்ரோகிராம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அதே நேரத்தில், கிளைகளாக வளரும் அக்ரோப்போரா பவளத்தின் நுனிகளும் வெளுத்திருக்கின்றன. லித்தியத்தை உறிஞ்சும் ரெசின் (நீரில் கரைந்தவற்றைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டுகிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். இயற்கையான கடல்நீரில் லித்தியம் லிட்டருக்கு 170 முதல் 180 மைக்ரோகிராம் வரை இருக்கும். உங்கள் தொட்டியில் அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே கூடுதலாக இருப்பது உண்மைதான். ஆனால் இந்த அளவு லித்தியம் பவளங்களைக் கொல்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. இதற்கு மேலான அளவிலும் செழிப்பாக வளரும் தொட்டிகள் பல உண்டு. சிவப்பு எழுத்து கடல்நீரிலிருந்து வேறுபாடு இருப்பதைச் சொல்கிறதே தவிர, நஞ்சு இருப்பதைச் சொல்லவில்லை. பரிசோதனையை விற்பவரே மருந்துப் புட்டியையும் விற்கும்போது இந்த வேறுபாட்டை யாரும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வதில்லை.

ரெசின் ஏன் பயன்படாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லித்தியமும் சோடியமும் ஒரே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் தொட்டியில் ஒரு லித்தியம் அணுவுக்குச் சுமார் 8,000 சோடியம் அணுக்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் சாதாரண ரெசினின் இடங்களையெல்லாம் சோடியமே பிடித்துக்கொள்ளும். வடிகட்டும் கரியும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் பாஸ்பேட் நீக்கியும் லித்தியத்தைத் தொடுவதில்லை.

அது எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் உப்புக் கலவையிலிருந்தும், நீங்கள் நாள்தோறும் ஊற்றும் கால்சியம் குளோரைடு கரைசலிலிருந்தும்தான். உப்புநீர் ஊற்றுகளிலிருந்து எடுக்கப்படும் கால்சியம் குளோரைடில் லித்தியம் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. பவளம் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. லித்தியமோ நீரிலேயே தங்கிச் சேர்கிறது. ஆகவே குறைக்க ஒரே வழி நீர்மாற்றம். அதிலும் ஒரு பொறி உண்டு. புதிய நீரில் 180 இருந்தால், 60 லிட்டர் மாற்றியதும் 410 என்பது 364 ஆகும். அதேபோல் ஐந்து முறை செய்தால் 255 அளவுக்கு வரும். உப்புக் கலவையிலேயே 400 இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் காசுதான் கரையும். உப்புப் பையின்மேல் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அச்சிடும் பெரும்பாலானோர் லித்தியத்தை அச்சிடுவதில்லை; அச்சிடும்படி கேட்பாரும் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். எனவே அடுத்த முறை தொட்டி நீரை அனுப்பாமல், புதிதாகக் கலந்த உப்புநீரை அனுப்புங்கள்.

"கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, அந்த நீரையே எடுத்தால் என்ன?" என்று டர்பன்காரர்கள் கேட்பார்கள். லித்தியத்தைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். கடல்நீரைவிடச் சரியான அளவு எந்தப் பையிலும் கிடைக்காது. ஆனால் எங்கே, எப்போது எடுக்கிறீர்கள் என்பதே முக்கியம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து, மலக்கழிவைக் காட்டும் ஈ. கோலை கிருமி மிகுந்து, கடற்கரைகள் மூடப்பட்டதை நாம் பார்த்தோம். ஆகவே உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலோ துறைமுகத்திலோ ஒருபோதும் எடுக்க வேண்டாம். மழைக்குப் பின் பல நாள்கள் எங்குமே வேண்டாம். மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில், கரையிலிருந்து விலகிப் படகில் சென்று எடுத்த நீராக இருந்தால் வடிகட்டி, இருட்டில் வைத்து, உப்படர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரால் அளந்து, ஆயிரத்துக்கு 35 வந்தால் பயன்படுத்துங்கள். "கடல்நீர்" என்று கேனில் கொண்டுவந்து விற்பவரிடம், எந்த இடத்தில் எடுத்தார் என்று கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி உங்கள் பவளத்தின் நுனிகள். காரத்தன்மை 9 டிகேஎச்சுக்கு (காரத்தன்மையின் அலகு) மேலே ஏறியிருந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாமலிருந்தால் அக்ரோப்போராவின் நுனிகள் இப்படித்தான் வெளுக்கும். தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதி வாருங்கள். நாளுக்கு நாள் எண் தாவினால், காரத்தன்மைக் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் சிறு பங்குகளாகப் பிரித்து ஊற்றி, 8 அளவில் நிலையாக வைத்திருங்கள். ரெசினுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் நல்ல காரத்தன்மைப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.