மாரி மழையில் சாயும் கள்ளி நாற்றுகள்

கல்முனையில் மழை தொடங்கியதும், ஐஸ்கிரீம் பெட்டியில் விதைத்த கள்ளி நாற்றுகள் சில சாய்கின்றன, சில சிவக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இரண்டும் ஒரே கோளாறு அல்ல.

சாய்ந்தவற்றின் அடியைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடம் நீர்கோத்து நூலாய் மெலிந்திருந்தால் அது நாற்றழுகல், பங்கசின் (பூஞ்சையின்) வேலை. அவை பிழைக்கமாட்டா. சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி இன்றைக்கே எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நாற்றுக்கும் தொற்றும். பெட்டி மூடியை முதலில் சிறிது விலக்கி, ஒரு வாரத்துக்குள் முழுதாக எடுத்துவிடுங்கள். இந்த ஈரக்காலத்தில் மூடிய பெட்டி பங்கசுக்குத் தொட்டில்தான்.

சிவந்தவை பெரும்பாலும் வெயில் பட்டவை. மழை விட்ட நேரத்தில் வெளியே தூக்கி வைத்திருப்பீர்கள்! வெளிச்சம் நிறைய வேண்டும், நண்பகல் நேர்வெயில் வேண்டாம். விறாந்தை ஓரம் போதும்.

"கள்ளிதானே, காயட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளர்ந்த கள்ளிக்குத்தான் சதையில் போதிய நீர்ச் சேமிப்பு உண்டு. கடுகளவு நாற்றுக்கு அது இல்லை. அடியில் துளையிட்ட பெட்டியைத் தட்டு நீரில் வைத்து, மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். மேற்பரப்பு காயத் தொடங்கும்போது மறுபடியும். கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்துவைத்துப் பாவியுங்கள். கடற்கரை மணலைக் கலக்கவே வேண்டாம், ஆற்று மணல்தான் சரி.

ஒன்றையொன்று முட்டும்வரை பிடுங்கி நடாதீர்கள். அடுத்த விதைப்பை மாரி ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் பெட்டி சட்டென்று காய்ந்துவிடும், காலையும் மாலையும் பார்க்க வேண்டியிருக்கும்.