வாசகர் கேள்வி - பதில்: பெட்டி இன்னும் கட்டிலடியில்தானா?

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து ஒரு வாரமாகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, என் வீடே எனக்கு விருந்தாளி வீடு மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பயப்படாதீங்க. கோடையில் அங்கும் இங்கும் 9.30 மணி நேர வித்தியாசம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று உடம்பு பிடித்துக்கொள்ளும். காலை வெயிலில் வாசலில் உட்காருங்கள், மதியத் தூக்கம் அரை மணியோடு சரி. வீட்டு விஷயம்தான் கொஞ்சம் சிக்கல்: நீங்கள் இல்லாமலே அது நடக்கப் பழகியிருக்கும், அடுப்படியில் டப்பாக்கள் இடம் மாறியிருக்கும், உடனே பழையபடி அடுக்கினால் மருமகள் முகம் சுருங்கும் (எங்கள் வீட்டில் சுருங்கியது). ஒரு நாள் அரிசிம்பருப்பு சாதம் வைத்து, நெய் ஊற்றி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்புறம், அந்தப் பெட்டியைக் காலி பண்ணிடுங்க.