போனஸ் பெரிதா, பேஸ் அருகிலா?

கேள்வி: அமெரிக்காவில் விமானப் பயிற்சியாளராக இருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் 1,500 மணி நேரம் பறந்த கணக்கு நிறைந்துவிடும். இரண்டு பிராந்திய விமான நிறுவனங்கள் துணை விமானி வேலைக்கு அழைத்திருக்கின்றன. முதலாவது, சேருவதற்கென்றே பெரிய போனஸ் தருகிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பேஸ், அதாவது பணி தொடங்கும் விமான நிலையம், வேறொரு மாநிலத்தில். இரண்டாவதில் போனஸ் சொற்பம். பேஸ் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது. மனைவி முதலாவதில் சேரச் சொல்கிறார். பயிற்சிக் காலத்தில் ஒரு தேர்வில் தோற்று மறுமுறை தேறியவன் நான், அதுவும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டாவதில் சேருங்கள், தம்பி. காரணத்தை உங்கள் மனைவியும் படிக்கட்டும்.

புதிதாகச் சேருபவருக்கு முதலில் வாய்ப்பது ரிசர்வ். சீருடையைத் தேய்த்துத் தொங்கவிட்டு, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் வேலை. அழைப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஒரு நாளில் இந்தக் காத்திருப்பு 14 மணி நேரம் வரை நீள விதி இடம் கொடுக்கிறது. பேஸ் பக்கத்தில் இருந்தால் வீட்டிலேயே காத்திருக்கலாம். தொலைவில் இருந்தால் விமானிகள் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் ‘கிராஷ் பேட்’தான் கதி: ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பெயர் ஒட்டிய பால் புட்டிகள், விடிகாலை மூன்று மணிக்கு யாருடையதோ அலாரம். அங்கே போய்ச் சேர்வதற்கும் ஏதாவது விமானத்தில் காலி இருக்கை கிடைக்க வேண்டும். நான் அப்படி இரண்டு ஆண்டு ஓட்டினேன். விடுமுறை நாட்களில் பாதி விமான நிலைய வாயிலில் நின்றே கரைந்தது. அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் அல்ல. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேக இழப்பு எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதே நேர்க் காரணம் என்றது விசாரணை. ஆனால் துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து பயணம் செய்து நியூவார்க் பேஸுக்கு வந்து, ஊழியர் அறையில் கண்ணயர்ந்தவர் என்பதும் அந்த விசாரணையில்தான் வெளிவந்தது. உங்களை 1,500 மணி நேரம் பறக்க வைத்திருப்பது அந்த விபத்துக்குப் பிறகு வந்த சட்டம். 2014 முதல் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும் கட்டாயம். என்றாலும் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணம் பணிக்கணக்கில் சேராது. அந்தக் களைப்பை நீங்களேதான் சுமக்க வேண்டும்.

இனி பணம். மணிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்களே, அந்தக் கடிகாரம் பெரும்பாலும் விமானம் நகரத் தொடங்கும்போதுதான் ஓடத் தொடங்கும். போய் நின்றதும் நின்றுவிடும். நடுவில் மூன்று மணி நேரம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் சாப்பாட்டுப் படி மட்டும்தான். ஆகவே மாதக் குறைந்தபட்ச உத்தரவாதம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 75 அளவில் இருப்பது வழக்கம். போனஸோ, முன்கூட்டித் தரும் கடன் மாதிரி. இடையில் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமா, மீதிக் காலத்துக்கு மட்டுமா? வரி பிடித்த பிறகு கைக்கு வந்த தொகையையா, பிடிக்காத தொகையையா? பயிற்சியில் தேறாமல் போனால் என்ன? பதில் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீனியாரிட்டி எண்ணை, அதாவது நிறுவனத்தில் சேர்ந்த வரிசையில் உங்கள் இடத்தை, யாரும் போனஸ் போல விளம்பரப்படுத்துவதில்லை. பேஸ், விடுமுறை, கேப்டன் ஆகும் முறை எல்லாம் அந்த எண்ணை ஒட்டியே நடக்கும். நிறுவனம் மாறினால் கடைசி ஆளாகத் தொடங்க வேண்டியதுதான். டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு பிராந்திய நிறுவனங்களும் 2020 ஏப்ரலில் மூடப்பட்டபோது பல ஆண்டு சேர்த்த எண்கள் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போயின. கேப்டன் ஆவதற்கு விமான நிறுவனப் பணியில் 1,000 மணி நேரம் வேண்டும். ரிசர்வில் உட்கார்ந்தே இருந்தால் அது நகராது. ஆகவே இரண்டாவது நிறுவனத்தில் ரிசர்வ் எத்தனை மாதம் நீள்கிறது என்பதையும் விசாரித்துவிடுங்கள். அங்கே ஓராண்டு, முதலாவதில் இரண்டு மாதம் என்றால் நான் சொன்னதை மறுபடி யோசிக்கலாம்.

தோற்ற தேர்வைப் பற்றி: அது அரசின் பதிவேட்டில் இருக்கிறது, வேலைக்கு எடுப்பவர் பார்க்கத்தான் போகிறார். அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். எதில் தவறினீர்கள், பிறகு எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டே வாக்கியம். பயிற்றுநரைக் குறை சொல்லத் தொடங்கினால் காரியம் கெட்டது.

கடன் விஷயத்தில் உங்கள் மனைவி கவலைப்படுவது நியாயம். அவரிடம் கிராஷ் பேட் வாடகையை 24 மாதத்துக்குப் பெருக்கி, போனஸிலிருந்து கழித்துக் காட்டுங்கள். இரு நிறுவனங்களிலும் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, போன மாதம் எத்தனை இரவு சொந்தக் கட்டிலில் தூங்கினார் என்றும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.